எங்கள் நாய் மறுபடி உறுமத் தொடங்கியபோது

எங்கள் நாய் என் மாமனாரைக் கடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து நாங்கள் திரும்பி வந்த கொஞ்ச நேரத்தில். மாமா வெள்ளைச் சட்டையைக்கூட இன்னும் கழற்றவில்லை. அடுக்களைக்கும் குளியலறைக்கும் நடுவே இருக்கும் குறுகலான நடையில் அவருடைய மூக்குக்கண்ணாடி நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தார். பக்கத்தில் நாய் தன் தட்டில் சோறு தின்றுகொண்டிருந்தான். குரைக்கவில்லை, உறுமவில்லை. தலையைத் திருப்பியது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் மாமாவின் வலது கையிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏ ஆண்டவரே" என்று மட்டும் சொன்னார். கத்தவில்லை. நான் கோழியைக் கழுவிக்கொண்டிருந்த கையோடு ஓடிவந்து அவரைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். சோப்புப் போட்டுக் கழுவக் கழுவத் தண்ணீர் சிவப்பாகவே ஓடியது. நாய் தானாகவே கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டான். என் கணவர் குனிந்து பார்த்துவிட்டு, "நடுங்குது" என்றார். கோபமாகச் சொன்னாரா இரக்கமாகச் சொன்னாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அவனை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தவன் என் மகன். அப்போது நாங்கள் மும்பை தாராவியில் இருந்தோம். மகன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். ஒரு மழைநாளில், பக்கத்துப் பட்டறையின் தகரத்துக்கு அடியில் நனைந்து கிடந்த குட்டியைச் சட்டைக்குள் வைத்துத் தூக்கிவந்தான். பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருந்தது. ஸ்டைலாக ஓர் ஆங்கிலப் பெயரும் வைத்தான். மாமாவுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை, நுழைக்க அவர் முயலவும் இல்லை. ஊரில் பையன்களைக் கூப்பிடுகிற மாதிரி "ஏல" என்றே கூப்பிட்டார். கொஞ்ச நாளில் நாய் மகன் வைத்த பெயரை மறந்தே போனான். எங்கள் சந்தில் யார் யாரை "ஏல" என்று கூப்பிட்டாலும் அவனும் தலையைத் தூக்கிப் பார்ப்பான்.

மாமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மாமியார் இறந்தபின் எங்களோடுதான் இருக்கிறார். நாயை வீட்டுக்குள் வைப்பது அவருக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. ஆனாலும் தாராவியில் அது பெரிய விஷயமாக இருக்கவில்லை. கதவு காலையில் திறந்தால் ராத்திரிதான் மூடும். நாய்க்கு எரிச்சல் வந்தால் எழுந்து சந்துக்குப் போய்விடுவான். யாராவது வாலை மிதித்தால் நாலு வீடு தள்ளிப் போய்ப் படுத்துக்கொள்வான். கோபம் ஆறினால் வருவான்.

பிறகு திலக் நகரில், புதிதாகக் கட்டிய கட்டடத்தில் ஏழாவது மாடிக்கு வந்தோம். கணவரின் பை தைக்கும் பட்டறை தாராவியிலேயே இருந்தது, அவர் தினமும் போய்வந்தார். நான் திலக் நகரில் ரயில் ஏறி மஸ்ஜித் ஸ்டேஷன் பக்கம் இருக்கும் என் ஆபீஸுக்குப் போனேன். அதே வருஷம் மகன் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். பகல் முழுவதும் பூட்டிய கதவுக்குள் மாமாவும் நாயும் மட்டும்.

அங்கே வந்தபிறகுதான் அவன் உறுமத் தொடங்கினான். தட்டின் பக்கம் போனால் உறுமுவான். சோபாவில் அவன் படுத்திருக்கும்போது யாராவது உட்காரப் போனால் உறுமுவான். லிப்டில் இன்னொருவர் ஏறினால் மூலையில் ஒடுங்கிக்கொண்டு உறுமுவான். மாமாவுக்குப் பொறுக்கவில்லை. செய்தித்தாளைச் சுருட்டி வைத்துக்கொண்டு மூக்கிலேயே ஒன்று போடுவார். "சோறு போடுத வீட்டுலயா உறுமுத? ம்? யார்ட்டல உறுமுத?" என்பார். சில வாரங்களில் உறுமல் நின்றுவிட்டது. வீடு அமைதியானது. நாங்கள் எல்லாருமே நிம்மதியாகி, மாமாவின் கண்டிப்பைப் பாராட்டக்கூடச் செய்தோம். அதற்கப்புறம் வந்ததுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

ஆஸ்பத்திரியில் காயத்தைச் சுத்தம் செய்து, ஊசி போட்டு, மறுபடி எந்தெந்த நாள் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். நாய்க்குத் தடுப்பூசி தவறாமல் போட்டிருந்தோம், அது ஒரு தைரியம். சாயங்காலம் மூன்று பேரும் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். நாய் கட்டிலடியிலிருந்து வரவேயில்லை.

"போதும்" என்றார் கணவர். "டோம்பிவிலில சித்தப்பா மகன் வீட்டுக்குப் பின்னாடி இடம் கெடக்கு. அங்க கொண்டு விட்டுருவோம். நாளைக்கே பேசுதேன்."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அன்று மதியம் அவன் தட்டை எடுக்க நான் துடைப்பத்தை நீட்டித் தள்ளித்தான் எடுத்தேன். எட்டு வருஷம் என் காலடியில் படுத்தவன். அவனைப் பார்த்து நான் துடைப்பத்தை நீட்டினேன்.

மாமாதான் பேசினார். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "அங்க சின்னப் பிள்ள இருக்குல்லா?" என்றார்.

"இருக்கு. அதுக்கு?"

"என்னயக் கடிச்சவன் அந்தப் பிள்ளையக் கடிக்க மாட்டானா? கடிக்கும்னு தெரிஞ்ச நாய அடுத்தவன் வீட்டுல கொண்டுபோய்க் குடுக்கது என்ன நியாயம்?"

"அப்ப என்னப்பா செய்யச் சொல்லுதிய?"

"டாக்டர்ட்டக் காட்டு. கடி வாங்கினவன் நான். நான்தான் சொல்லுதேன்."

கணவர் என்னைப் பார்த்தார். நாய் வேண்டாம் என்று எட்டு வருஷமாகச் சொல்லிவந்த மனிதர் இப்படிச் சொன்னது எங்கள் இருவருக்குமே ஆச்சரியம். பேச்சு அத்தோடு முடிந்தது. டோம்பிவிலிக்கு யாரும் போன் செய்யவில்லை.

செம்பூரில் ஒரு பெண் கால்நடை மருத்துவர் இருந்தார். மராட்டிக்காரர், ஹிந்தியில் நிதானமாகப் பேசுவார். பல், காது, இடுப்பு எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். ரத்தமும் எடுத்தார். வலி இருந்தால் நாய் கடிக்கும், முதலில் அதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்றார். பின்பக்கப் பல் ஒன்று கெட்டிருந்தது, அதைப் பிடுங்கினார்கள். "ஆனால் இது மட்டும் காரணமில்லை" என்றார். "கடிப்பதற்கு முன்னால் என்ன செய்தான்?"

"ஒன்றும் செய்யவில்லை. திடீரென்று கடித்தான்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. "ஒரு வாரம் போனில் வீடியோ எடுங்கள். விசேஷமாக எதுவும் செய்ய வேண்டாம். சாப்பிடும்போது, படுத்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் போகும்போது. தூரத்திலிருந்து எடுத்தால் போதும். யாரும் அவனைச் சீண்ட வேண்டாம்" என்றார்.

அப்படியே எடுத்தோம். அடுத்த முறை போனபோது மூன்று பேரும் அவர் மேஜையைச் சுற்றி நின்று பார்த்தோம். என் போனில் எங்கள் வீடுதான் ஓடியது. நாய் நடையில் நின்று தின்கிறான். நான் அவனைத் தாண்டிக் குளியலறைக்குப் போகிறேன். அவ்வளவுதான். டாக்டர் அதையே பின்னுக்குத் தள்ளி மறுபடி போட்டார்.

"இங்கே பாருங்கள், தின்பதை நிறுத்திவிட்டான். வாய் தட்டில்தான் இருக்கிறது, ஆனால் மெல்லவில்லை. முதுகு கட்டை மாதிரி விறைத்துவிட்டது. இப்போது கண். தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் உங்கள் பக்கம் ஓட்டுகிறான், வெள்ளை தெரிகிறதா?"

தெரிந்தது. பிறை மாதிரி ஒரு வெள்ளை. பிறகு சோபா வீடியோவைப் போட்டார். கணவர் பக்கத்தில் உட்காரப் போகிறார். நாய் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறான். உதட்டை நக்குகிறான். கொட்டாவி விடுகிறான்.

"தூக்கம் வருதுன்னுல்லா நெனச்சேன்" என்றார் கணவர்.

"தூக்கமில்லை. தள்ளிப் போங்கள் என்று மரியாதையாகக் கேட்கிறான். அதைக் கேட்கவில்லையென்றால் விறைப்பான். அப்புறம் உறுமுவான். அதற்கும் அப்புறம்தான் பல்." டாக்டர் மாமாவைப் பார்த்தார். "இவன் உறுமவே மாட்டானா?"

மாமாவே பதில் சொன்னார். அவருடைய ஹிந்தி துறைமுகத்து ஹிந்தி, தமிழ் பாதி கலந்திருக்கும். உறுமினால் அடித்ததைச் சொன்னார். டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. நிறைய வீட்டில் அப்படித்தான் செய்கிறார்கள், உறுமலை அடித்தால் உறுமல்தான் நிற்கும், உள்ளே இருக்கிற பயம் நிற்காது என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றபோது மாமா கணவரிடம் சொன்னார்: "கிரேன் நகர முன்னால மணியடிக்கும். கீழ நிக்கவன் வெலகணும்னு. மணிச் சத்தம் காதுக்குக் கஷ்டமா இருக்குன்னு எவனாவது மணியக் கழட்டிப் போடுவானா? நான் அதத்தான் செஞ்சிருக்கேன் பாத்துக்கோ."

"விடுங்கப்பா. நமக்கு எங்க தெரிஞ்சுது?"

"இப்பத் தெரிஞ்சு போச்சுல்லா" என்றார் மாமா.

அன்றே தட்டை நடையிலிருந்து எடுத்தோம். இத்தனை நாள் அவன் சோறு தின்றது வீட்டிலேயே எல்லாரும் தாண்டிப் போகிற இடத்தில். தரையைக் கழுவ வசதி என்று நான்தான் அங்கே வைத்திருந்தேன். படுக்கையறைச் சன்னலோரம் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஓரம் இருந்தது. அங்கே ஒரு கோணியை விரித்துத் தட்டை வைத்தோம். அவன் தின்னும்போது அந்த அறைக்குள் யாரும் போகக்கூடாது என்று மாமா சட்டம் போட்டார். கணவர் சீப்பை மறந்து வைத்துவிட்டுத் தலை வாராமல் பட்டறைக்குப் போன நாள்கூட உண்டு.

சந்தில் எழுந்து போகிற மாதிரி இங்கே போக அவனுக்கு இடமில்லை என்பதும் அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அந்தக் கோணி அவனுடைய சந்தாக ஆனது. அதில் படுத்திருந்தால் கூப்பிடுவதில்லை, தொடுவதில்லை.

டாக்டர் அடுத்துச் சொன்னது, ஆள் பக்கத்தில் வந்தால் நல்லது நடக்கும் என்று அவனுக்குத் தோன்ற வைப்பது. அவன் தின்றுகொண்டிருக்கும்போது வாசல்படி வரைக்கும் போய், வேகவைத்த கோழித்துண்டு ஒன்றைத் தட்டின் பக்கம் எறிந்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். உள்ளே போகக்கூடாது, பேசக்கூடாது. அவன் உடம்பு இளகியே இருந்தால் சில நாள் கழித்து ஓரடி உள்ளே. விறைத்தால் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். நானும் கணவரும் அவசரப்பட்டோம். மாமா அவசரப்படவில்லை. பாரத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு கீழே இருப்பவனின் கைச்சைகைக்காகக் காத்திருந்தே பழகிய மனிதர். வாசலில் நின்று அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"முதுகு இன்னும் வெறச்சிதான் இருக்கு. இன்னைக்கு இங்க போதும்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார்.

வெளியே கூட்டிப்போக, வாயில் மாட்டுகிற கூடை போன்ற மூடி ஒன்றை வாங்கச் சொன்னார் டாக்டர். அதை எடுத்தவுடன் மாட்டக்கூடாது. கூடைக்குள் தயிரைத் தடவிக் காட்டினோம். அவனாகவே மூக்கை நுழைத்து நக்கினான். நக்கி நக்கிப் பழகி, அதைக் கையில் எடுத்தாலே வாலை ஆட்டிக்கொண்டு வந்தான். லிப்டை விட்டுவிட்டோம். ஏழு மாடியும் படிதான். எனக்கு முழங்கால் வலித்தது. மாமாவோ மூச்சு வாங்கினாலும் நடுவில் நின்று நின்று இறங்குவார். நாயும் அவரோடு நின்று நின்று இறங்குவான்.

நடுவில் சறுக்கலும் இல்லாமல் இல்லை. தீபாவளி வெடிச்சத்தத்தில் சில நாள் தட்டைத் தொடவேயில்லை. வாசலில் என் நிழல் விழுந்தாலே சுவரோடு ஒட்டிக்கொண்டான். மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம்.

கிறிஸ்துமஸுக்குச் சில வாரங்கள் முன்பு ஒருநாள் காலை, அடுக்களையில் நின்றிருந்த எனக்கு ஒரு சத்தம் கேட்டது. தாழ்ந்த, தொண்டைக்குள்ளேயே உருளுகிற சத்தம். என்னவென்று உடனே புரியவில்லை. எட்டிப் பார்த்தேன். கணவர் சோபாவின் ஒரு முனையில் உட்காரப் போய்ப் பாதியில் நின்றிருந்தார். மறுமுனையில் நாய். உறுமிக்கொண்டிருந்தான்.

மாமா நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பாத்தியா, சொல்லுதாம்லா!" என்றார். பேரன் முதல் வார்த்தை பேசினபோதுகூட அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. "ஏல, சரில, சரி. நீ தள்ளி உக்காருடா" என்று என் கணவரிடம் சொன்னார்.

கணவர் அப்படியே பின்வாங்கித் தரையில் உட்கார்ந்தார். உறுமல் நின்றது. கொஞ்சம் பொறுத்து மாமா தூரத்தில் ஒரு பிஸ்கட்டைக் காட்டிக் கூப்பிட்டார். நாய் தானாகவே சோபாவிலிருந்து இறங்கிப் போனான். கணவர் எழுந்து சோபாவில் உட்கார்ந்தார். யாரும் யாரையும் அடிக்கவில்லை. நான் அடுக்களைக்குத் திரும்பிப் போய் சும்மாவே சிரித்துக்கொண்டிருந்தேன்.

உண்மையான பரீட்சை கருவாட்டு ரூபத்தில் வந்தது. தாராவியில் வாங்கிய நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தை நான் மேடையின் விளிம்பில் வைத்துவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது அது இல்லை. நாய் பிளாஸ்டிக் பையோடு கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். பையை விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும் என்று எனக்குப் பதறியது. குனிந்து கையை நீட்டப் போனேன்.

"ஏம்மா, கைய எடு!" என்றார் மாமா. "குனியாத. எந்திரிச்சு இங்க வா."

"பையத் தின்னுருவான் மாமா."

"புடுங்கப் போனாத்தான் முழுங்குவான். முட்ட அவிச்சது இருக்கா?"

இருந்தது. உரித்துக் கொடுத்தேன். மாமா கட்டிலிலிருந்து தள்ளி ஒரு நாற்காலியைப் போட்டு, கட்டிலைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தார். எந்தக் கை கடிபட்டதோ அந்தக் கையால் முட்டையைப் பிட்டு, ஒரு துண்டைக் கட்டிலின் விளிம்புக்கு உருட்டிவிட்டார். உள்ளே உறுமல் கேட்டது. மாமா அசையவில்லை. இன்னொரு துண்டை இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் போட்டார். உறுமல் நின்றது. முதலில் மூக்கு வெளியே வந்தது. அப்புறம் மடிந்த காது. முட்டைத் துண்டு ஒவ்வொன்றும் ஹாலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது, நாயும் அதன் பின்னால் போய்க்கொண்டிருந்தான். அவன் ஹாலுக்குப் போனதும் நான் மெதுவாகப் படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலுக்கு அடியில் துடைப்பத்தை விட்டுப் பொட்டலத்தை இழுத்தேன். பை ஓரத்தில் மட்டும் பல் பட்டிருந்தது. கருவாடு அப்படியே இருந்தது.

வெளியே வந்தபோது மாமா மீதி மஞ்சள்கருவை உள்ளங்கையில் வைத்திருந்தார். நாய் அதை நக்கிக்கொண்டிருந்தான். அந்தக் கையை அவர் பின்னுக்கு இழுத்துக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்து, "கருவாட்டக் கொழம்பு வச்சிரு. இவன் தொட்டதுன்னு தூரப் போட்டுராத" என்றார்.

"கழுவித்தான் வைப்பேன்."

"கழுவு. யாரு வேண்டாம்னா?"

அன்றைக்குக் கத்தரிக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன். நடந்ததைக் கேட்டுக் கணவர் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டார்.

இப்போது அவனுக்கு வயதாகிவிட்டது, மூஞ்சி நரைத்திருக்கிறது. சாது ஆகிவிட்டான் என்று நான் சொல்லமாட்டேன். அவனுக்குப் பிடிக்காதவை இன்னும் இருக்கின்றன. விருந்தாளிகள் நிறைய வந்தால் அவனைக் கோணியில் விட்டு அறைக் கதவைச் சாத்திவிடுகிறோம். வந்தவர்கள் நாயைக் காட்டச் சொன்னால், இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொல்லிவிடுகிறோம். வருத்தப்படுகிறவர்கள் வருத்தப்படட்டும். வெளியே போனால் வாய்க்கூடை இல்லாமல் போவதில்லை. அதன்பிறகு அவன் யாரையும் கடிக்கவில்லை. உறுமுவான், நாங்கள் விலகுவோம். வீட்டில் நாலு பேர் இருந்தால் ஒருவர் முகம் பார்த்து ஒருவர் விலகுவது இருக்கத்தானே செய்கிறது.

போன வாரம் மழை விட்ட ஒரு காலையில் நானும் மாமாவும் அவனைக் கூட்டிக்கொண்டு போனோம். கட்டடத்து வாசலில் மீன் விற்கும் பெண் கூடையை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும், "காட்தா ஹை க்யா?" என்று கேட்டாள். நாயோடு வெளியே போகிற யாரிடமும் இந்த ஊரில் எல்லாரும் கேட்கிற கேள்வி, கடிப்பானா என்று.

"தொடாதீங்க. தொட்டா அவனுக்குப் பிடிக்காது" என்று ஹிந்தியில் சொன்னேன்.

"எனக்கும்தான் பிடிக்காது" என்றாள். "ரயிலில் லேடீஸ் டப்பாவில் யாராவது என் மேல் சாய்ந்தால் நானும் இப்படித்தான் பார்ப்பேன்."

மாமா வாய்விட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள். நாய் எங்களைப் பொருட்படுத்தாமல் ஈரத் தரையை மோந்துகொண்டே முன்னால் போனான். மாமாவும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தேங்கிய தண்ணீரைத் தாண்டித் தாண்டி அவன் பின்னால் நடந்தார். நான் நின்று ஒரு கூறு மாந்தெலி மீன் வாங்கிக்கொண்டேன்.